மனைவியின் மேலதிகாரி

மனைவி இன்னோர் ஆணைப் புகழ்ந்து பேசினால் கணவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உலகத்தில் வழிமுறைகள் உண்டு. சண்டை போடலாம். சாப்பிடாமல் குப்புறப் படுக்கலாம். மைத்துனனைக் கூப்பிட்டுப் புலம்பலாம். மனைவி தன் மேலதிகாரியைப் புகழ்கிறாள், அந்த மேலதிகாரி ஒரு பெண், கணவனும் அதே அலுவலகத்தில் அதே படியில் உட்கார்ந்திருக்கும் இன்னோர் அதிகாரி என்றால் மட்டும் அவன் எந்த வாசலிலும் போய் நிற்க முடியாது. மெமோ சாரின் நிலைமை அதுதான்.

மெமோ என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயரில்லை. குடிநீர் வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில், புதிதாகக் குழாய் இணைப்பு கொடுக்கும் பிரிவுக்கு அவர் தலைவர். தாமதமாக வந்தால் விளக்கம் கேட்டு ஒரு மெமோ, சீக்கிரம் வந்துவிட்டால் மின்விசிறியை யாரைக் கேட்டுப் போட்டாய் என்று ஒரு மெமோ. ஒருமுறை அவருடைய பேனாவே எழுதாமல் போனபோது, அதற்கும் ஒன்று கொடுத்துவிடுவாரோ என்று பயந்து ஊழியர்கள் ஆளுக்கொரு பேனாவை நீட்டினார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். லஞ்சம் வாங்கியதில்லை. வாரியத்தின் விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். தபால் ஆபீசில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்ற அவருடைய அப்பா, மகனுக்கு வேலை கிடைத்த அன்று ஒரே ஒரு புத்தி சொன்னார்: "அரசாங்க வேலைல நாற்காலி தேயலாம், நீ தேயக் கூடாது." மகன் தேயவில்லை. நாற்காலி இரண்டு மாறிவிட்டது.

அவருடைய மனைவி அந்தப் பிரிவிலேயே இளநிலை எழுத்தராகச் சேர்ந்தவர். மெமோ வாங்கிய மற்றவர்களெல்லாம் வாரக்கணக்கில் இழுத்தடித்து மூன்று பக்கம் அழுது எழுதுவார்கள். இந்தப் பெண் மட்டும், "தாமதம் உண்மை. பஸ்ஸும் உண்மை" என்று ஒரு வரியில் பதில் எழுதிக் கொடுத்தது. அதில் மயங்கித்தான் அவர் பெண் கேட்டுப் போனார். கல்யாணமாகி ஒரு வருஷம் வரை வீட்டிலும் "சார், சாப்பிட வாங்க" என்றுதான் வந்தது அவருக்கு. கணவனுக்குக் கீழ் மனைவி வேலை பார்க்கக் கூடாது என்பது வாரிய விதி. கணவரே அந்த விதியை எடுத்துக் காட்டி, மனைவியைப் பக்கத்துப் புகார்ப் பிரிவுக்கு மாற்ற வைத்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

பக்கம் என்றால் பக்கம்தான். மாடியில் ஒரே நீளக் கூடம். நடுவில் இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பீரோக்களின் கதவுப் பக்கம் புகார்ப் பிரிவுக்கு, முதுகுப் பக்கம் இணைப்புப் பிரிவுக்கு. பல வருஷங்களாக அந்தப் பக்கமிருந்து தொலைபேசிச் சத்தமும் கொட்டாவியும் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு அங்கே தலைவராக மேடம் வந்தார். பீரோக்களுக்கு மேலாகச் சிரிப்பு வர ஆரம்பித்தது.

சிரிப்பு வீட்டுக்கும் வந்தது.

"எங்க மேடம் இன்னைக்கு என்ன பண்ணாங்க தெரியுமா?" என்றார் மனைவி, தட்டை எடுத்து வைத்தபடி.

"தெரியாது."

"கேளுங்களேன்."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். காதை எங்க கழட்டி வைக்கறது?"

"எங்க பிரிவுல குழாய் வேலை பார்க்கற பெரிய பிட்டர் இருக்காரில்ல, யாரோடயும் பேச மாட்டாரே, அவரு ஒரு தெருவுல அடைப்பெடுத்திருக்காரு. அந்தத் தெருவுலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி, தண்ணி வந்துடுச்சு, ரொம்ப நன்றின்னாங்க. மேடம் என்ன பண்ணாங்க, 'இருங்கம்மா, எனக்கு எதுக்கு நன்றி, வேலை பார்த்தவரே இங்கதான் இருக்காரு'ன்னு ரிசீவரை அவர் கையில கொடுத்துட்டாங்க. மனுஷன் ம், ம்னு மட்டும் சொல்லிட்டு வச்சாரு. அப்புறம் போய் முகம் கழுவிட்டு வந்தாரு. அப்புறம் வெளில போயி, கேக்காமலேயே இன்னும் ரெண்டு அடைப்பு எடுத்துட்டு வந்துட்டாரு."

"தண்ணி விடறது அவன் வேலை. அதுக்குத்தான் சம்பளம் வாங்கறான். இதுக்கு ஒரு போன் வேறயா?"

"சம்பளம் மாசத்துக்கு ஒரு தரம்தானேங்க வருது," என்றார் மனைவி. சொல்லிவிட்டு எழுந்து போனார், ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு. கல்யாணத்துக்கு முன் இணைப்புப் பிரிவில் அவர் இருந்த காலத்தில் மெமோ சார் அந்த ராகத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்றைக்குப் பற்றியது வயிறு. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வரும் பொறாமைக்கு ஒரு மரியாதை உண்டு. நாமும் கடன் வாங்கிக் கார் வாங்கிவிடலாம். ஒரு பிட்டர் முகம் கழுவியதற்குப் பொறாமைப்பட்டால் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

உளவு பார்க்க ஆள் வேண்டும். இரண்டு பிரிவுக்கும் தேநீர் கொண்டுபோகும் அலுவலக உதவியாளர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெறுகிற வயசு. எல்லாச் சேதியையும் எல்லா இடத்துக்கும் ஒலிபரப்புவதால் அவருக்கு வானொலி என்று பெயர்.

"அந்தப் பக்கம் அப்படி என்னய்யா நடக்குது?" என்று கேட்டார் மெமோ சார், தேநீரைப் பார்த்தபடி, ஆர்வமே இல்லாதவர் போல.

"ஒண்ணும் நடக்கல சார். மேடம் எல்லார்கிட்டயும் சந்தேகம் கேக்கறாங்க."

"சந்தேகமா?"

"ஆமா சார். 'இந்த வால்வு எப்படி வேலை செய்யுது, எனக்குத் தெரியலை, கொஞ்சம் சொல்லிக் கொடுங்க'ங்கறாங்க. இவனுங்க விழுந்து விழுந்து சொல்லிக் கொடுக்கறானுங்க. நேத்து எங்கிட்டயே, டீ எப்படி ஆறாம மாடி வரைக்கும் கொண்டு வர்றீங்கன்னு கேட்டாங்க சார்."

"நீ என்ன சொன்ன?"

"அது தொழில் ரகசியம் சார். ஆனா அவங்களுக்குச் சொன்னேன்."

மெமோ சார் கையிலிருந்த தேநீரைத் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை நமக்கெல்லாம் தெரியும். பூனைக்கு மட்டும் தெரிவதில்லை. மறுநாள் அவர் தன் இருக்கையை விட்டு எழுந்து, ஒல்லி என்று எல்லாராலும் அழைக்கப்படும் இளம் எழுத்தரின் மேசைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, இந்த மீட்டர் மாத்தற விஷயம் எனக்குச் சரியாப் புரியல. கொஞ்சம் சொல்லிக் கொடேன்."

ஒல்லியின் உதடு வெளுத்தது. "சார், அந்த மூணாவது தெரு மீட்டரா சார்?"

"எந்த மூணாவது தெரு?"

"தெரியாது சார்," என்று சொல்லிவிட்டு ஒல்லி அன்று மதியமே காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டான். அரசு அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டால் அவருக்குப் பதில் தெரியும் என்றுதான் அர்த்தம். தெரியாமல் கேட்கிறார் என்று எவன் நம்புவான்? இரண்டு நாள் கழித்து ஒல்லி நான்கு பக்க விளக்கத்தோடு வந்தான். அவர் கேட்காத மூன்று தவறுகளை அதில் ஒப்புக்கொண்டிருந்தான். பழக்கதோஷம், மெமோ சார் அந்த மூன்றுக்கும் மெமோ கொடுத்துவிட்டார்.

ரிசீவர் வித்தையையும் விடவில்லை. அடுத்த தடவை மணி அடித்ததும், "உனக்குத்தாம்பா, பேசு" என்று புன்னகையோடு ஒல்லியிடமே நீட்டினார். இணைப்புப் பிரிவுக்குத் தொலைபேசியில் வருபவர்கள் யார்? விண்ணப்பம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் குடத்தோடு காத்திருப்பவர்கள். ஒல்லி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும் பணிவாக வைத்தான்.

"என்ன சொன்னாங்க?"

"எங்க பரம்பரையைப் பத்தி விசாரிச்சாங்க சார். உங்க அப்பாவையும் கேட்டாங்க."

இந்த நேரத்தில்தான் தலைமையகத்திலிருந்து ஊக்கப் பயிற்சி வந்தது. அரசாங்கத்துக்கு எதுவும் தானாக வராது, ஊக்கம் உள்பட. அதற்கும் ஒரு சுற்றறிக்கை, ஒரு பயிற்சியாளர். கழுத்துப்பட்டை கட்டிய பயிற்சியாளர் ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து, அதில் அவரவர் லட்சியத்தை எழுதி ஊதச் சொன்னார். மெமோ சார் பலூனைப் பாதிக்கு மேல் ஊதவில்லை. வெடித்தால் யார் பொறுப்பு? மேடம் மூச்சுப் பிடித்து ஊதினார். பலூன் படாரென்று அவர் முகத்திலேயே வெடித்தது. முதலில் சிரித்தது அவர்தான். பிறகு கூடமே சிரித்தது. மெமோ சாரின் அரைப் பலூன் வாடி வதங்கி, அவருடைய லட்சியத்தை யாரும் படிக்க முடியாதபடி சுருங்கிக் கிடந்தது. அதில் 'உதவி மேலாளர்' என்று எழுதியிருந்தார்.

அந்த லட்சியத்துக்கும் வேளை வந்தது. செலவைக் குறைக்க இரண்டு பிரிவுகளையும் ஒன்றாக்கி, ஒரே தலைவரை உதவி மேலாளர் பதவியில் போடப் போவதாக அறிவிப்பு வந்தது. தோற்கிறவர் நீரேற்று நிலையத்துக்குப் போக வேண்டும். அது ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகும் இடம். மோட்டார் இரைச்சலும் பாசி வாசனையும்தான் அங்கே துணை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லாரும் தவிர்க்கப் பாடுபடும் இடம் அது. பயிற்சியாளர் போகிற போக்கில், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஊழியர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஓர் ஆலோசனையும் எழுதிவிட்டுப் போயிருந்தார். எனவே பொது மேலாளர் ஒவ்வொருவரையும் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதாக ஏற்பாடு.

முந்தின நாள் மாலை, வீட்டில் துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னார்: "என்னங்க, உங்ககிட்ட மறைச்சுப் பழக்கமில்லை. நாளைக்கு நான் மேடம் பேரைத்தான் சொல்லப் போறேன்."

மெமோ சார் கையிலிருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"காரணம்?"

"நீங்க வந்தா விதிப்படி நான் அந்தப் பிரிவுல இருக்க முடியாது. நீரேற்று நிலையத்துலதான் இடம் காலியா இருக்கு. ரெண்டு பஸ்ஸு."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. பஸ். பாவம், அவளும் மனுஷிதானே, இடுப்பு வலி வேறு. இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறாளே என்று பெருமைகூட வந்தது. அந்த ஆசுவாசத்திலேயே சட்டையின் கையை உள்பக்கமாக மடித்துவிட்டார். மனைவி அதை வாங்கிச் சரி செய்தார்.

மறுநாள் கருத்துக் கேட்பு முடிந்ததும் வானொலி தேநீரோடு வந்தார். கோப்பையை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"சொல்லித் தொலைய்யா."

"நான் சும்மா கதவுகிட்ட நின்னேன் சார். காதுல விழுந்தது. எல்லாரும் மேடம் பேரத்தான் சொல்லியிருக்காங்க."

"எங்க பிரிவு ஆளுங்களுமா?"

"அவங்கதான் சார் முதல்ல சொன்னாங்க."

மெமோ சார் விசிறியைப் பார்த்தார். "என் பேர யாருமே சொல்லலையா?"

"சொல்லாம என்ன சார். ரெண்டு பேரு சொல்லியிருக்காங்க. ஒண்ணு நீங்க."

"இன்னொண்ணு?"

"மேடம்."

தோற்பது ஒரு துக்கம். எதிராளி ஓட்டுப் போட்டும் தோற்பது வேறு. எதிரியின் பெருந்தன்மையைப் போல ஆளைச் சுடும் பொருள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சாயங்காலம் பொது மேலாளர் கூப்பிட்டார். தலைநிறைய நரை, முகம் நிறைய ஓய்வு பெறும் ஆசை.

"உக்காருங்க. நீங்கதான் உதவி மேலாளர்."

"சார், ஆனா கருத்துக் கேட்பு..."

"எல்லாரும் அந்தம்மா பேரச் சொன்னாங்க. அந்தம்மா உங்க பேரச் சொன்னாங்க. 'அவர்தான் சீனியர், விதி எல்லாம் அவருக்குத்தான் தெரியும், என்னை நீரேற்று நிலையத்துக்கு அனுப்புங்க, அங்கதான் ஆளுங்க ரொம்பச் சோர்ந்து கிடக்கறாங்க'ன்னாங்க. ஊரே நம்பற ஒரு ஆளு சொல்ற வார்த்தையை நான் எப்படிய்யா தட்டறது?"

இப்படியாக மெமோ சார் தன் லட்சியத்தை எட்டினார், அடுத்தவர் கைபிடித்து. பீரோக்களை நகர்த்திக் கூடத்தை ஒன்றாக்கினார்கள். மேடம் நீரேற்று நிலையத்துக்குப் போனார். விதிப்படி மனைவியும் அங்கேயே போனார், அதே மேடத்தின் கீழ்.

ஒரு மாதம் போவதற்குள் பெரிய பிட்டர், எனக்கும் மோட்டார் சத்தம் பிடிக்கும் என்று நீரேற்று நிலையத்துக்கு மாறுதல் கேட்டார். பின்னாலேயே இன்னும் சிலர். வாரியத்தின் வரலாற்றில் தண்டனையாகக் கொடுக்கப்பட்ட இடத்துக்கு ஆட்கள் சிபாரிசு தேடியது அதுதான் முதல் முறை. "என்னய்யா, அங்க ஏதாவது புதையல் கிதையல் கிடைச்சிருக்கா?" என்று பொது மேலாளரே கேட்டார்.

இதையெல்லாம் மெமோ சார் தாங்கிக்கொண்டார். பஸ் இருக்கிறதே. அவருடைய மனைவி தினமும் இரண்டு பஸ் மாறிக் கஷ்டப்படுகிறாள், அன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னது இந்தக் கஷ்டத்துக்குப் பயந்துதான் என்ற ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். ஒரு மாலை, களைத்து இறங்கும் மனைவியின் பையை வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ் நிறுத்தத்துக்கே போய் நின்றார். உண்மையைச் சொன்னால், அந்தக் களைப்பை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது.

பஸ் வந்தது. மனைவி இறங்கினார். ஜன்னலோரம் இருந்த யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"நீங்க எங்க இங்க?"

"சும்மாதான். பையைக் கொடு. ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"எது?"

"ரெண்டு பஸ்ஸு."

"காலைல முதல் பஸ்ஸு கொஞ்சம் நெரிசல். ரெண்டாவது காலியா வரும். மேடமும் அதுலதான் ஏறுவாங்க. பேசிக்கிட்டே போயிடுவோம்."

கட்டை கை நழுவியது. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

"அப்ப அன்னைக்கு நீ அவங்க பேரச் சொன்னது பஸ்ஸுக்காக இல்ல."

"பஸ்ஸுக்காகன்னே வச்சுக்குங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்குத் தெரியணும்."

மனைவி நின்றார். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க கீழ வேலை பார்த்தேனே, அப்ப நான் என்ன வேலையை நல்லாப் பண்ணுவேன்?"

மெமோ சாருக்கு மனைவி எந்தெந்த நாள் தாமதமாக வந்தார் என்பது நினைவிருந்தது. எந்த விண்ணப்பத்தில் தெருப் பெயரை மாற்றி எழுதினார் என்பதும் நினைவிருந்தது. "எல்லாமே நல்லாத்தான் பண்ணுவ," என்றார்.

"எல்லாமேன்னா எதுவும் ஞாபகம் இல்லன்னு அர்த்தம்." கோபமாகச் சொல்லவில்லை. நடக்க ஆரம்பித்தார்.

தெரு திரும்பும் வரை பொறுத்தவருக்கு அதற்கு மேல் முடியவில்லை. "அவங்க என்ன சொன்னாங்க?"

"யாரு?"

"உங்க மேடம். நீ எதை நல்லாப் பண்றதாச் சொன்னாங்க?"

மனைவிக்கு லேசாக வெட்கம் வந்தது. "கொதிச்சுப் போயி போன் பண்றவங்களை ரெண்டே நிமிஷத்துல சிரிக்க வச்சுடறேனாம். இது எல்லாருக்கும் வராதுன்னாங்க."

'தாமதம் உண்மை. பஸ்ஸும் உண்மை' என்ற ஒரு வரியைப் படித்து, தன் நாற்காலியில் யாருக்கும் தெரியாமல் அவர் சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்காகத்தானே பெண் கேட்டே போனார். அதை அவர் சொல்லவே இல்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை எவரோ ஒருவர் வந்த சில மாதத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்குள் திருடன் புகுந்தால்கூட இப்படிச் சரியான அலமாரியைத் திறக்க மாட்டான்.

"அது எனக்கும் தெரியும்," என்றார்.

"தெரிஞ்சா சொல்றதுதானே."

மறுநாள் அலுவலகத்தில் உதவி மேலாளர் வெகுநேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து நீரேற்று நிலையத்தின் எண்ணைச் சுழற்றினார். கைக்குட்டையை வாயில் வைத்துக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டார்.

"என்னம்மா ஆபீஸ் நடத்தறீங்க? எங்க தெருவுல ஒரு வாரமாத் தண்ணி வரல. எல்லாரும் தூங்கறீங்களா?"

அந்தப் பக்கமிருந்து மனைவியின் குரல் பதறாமல் வந்தது. "சார், உங்க கோபம் நியாயம்தான். ஆனா எங்க ஆளுங்க தண்ணியை உங்க தெருமுனை வரைக்கும் அனுப்பிட்டாங்க. அங்கேர்ந்து வீட்டுக்குள்ள வர்றதுக்கு இணைப்பு கொடுக்கணும். அந்தப் பிரிவுல ஒரு பெரியவர் இருக்காரு. தண்ணிக்கே ஏன் தாமதம்னு மெமோ கொடுத்துட்டு, பதில் வர்றதுக்காகக் காத்துக்கிட்டிருக்காரு."

மெமோ சாருக்குக் கைக்குட்டையை மீறிச் சிரிப்பு வெடித்துவிட்டது. கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"நீ இதை ரொம்ப நல்லாப் பண்ற," என்றார், சொந்தக் குரலில்.

மனைவியின் குரல் இளகியிருந்தது. "இருங்க, மேடம் பக்கத்துலதான் இருக்காங்க. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை இதையே சொல்லுங்களேன், கொடுக்கறேன்."

மெமோ சார் ரிசீவரை டக்கென்று வைத்துவிட்டார்.

சார் தனியாகச் சிரித்ததை ஒல்லி தன் கண்ணால் பார்த்திருந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று வானொலியிடம் விசாரித்தான். வானொலிக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் அந்தப் பிரிவில் மூன்று பேர் முன்னெச்சரிக்கையாக விடுப்பு எடுத்துக்கொண்டார்கள்.